பிரித்து எழுதுக

எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டரும், இரண்டு ஆம்ப்ளிஃபயர்களும், அப்பா தன் கையால் ப்ளைவுட் அறுத்துச் செய்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் இருக்கின்றன. அந்தக் கம்ப்யூட்டரில் ஓடும் மியூசிக் பிளேயருக்குள் நான் எழுதிச் சேர்த்த முந்நூற்றுச் சொச்சம் வரி நிரல் இருக்கிறது. அது செய்வது ஒரே வேலைதான். வருகிற பாட்டை இரண்டாகப் பிரித்து, அடிச்சத்தத்தைப் பெரிய ஸ்பீக்கருக்கும் மேல்சத்தத்தைச் சின்ன ஸ்பீக்கருக்கும் அனுப்பும். அதற்குப் பெயர் கிராஸ்ஓவர். பன்னிரண்டு வருடமாக நிரல் எழுதித்தான் சம்பளம் வாங்குகிறேன். யாரும் கேட்காமல், காசு வாங்காமல் நான் எழுதியது இது ஒன்றுதான். அப்பாவைப் பற்றி எனக்குத் தெரியாமலே இருந்த ஒரு விஷயம் இதை எழுதும்போதுதான் தெரிந்தது.

அப்பா திருமங்கலம் பக்கம் முப்பத்தைந்து வருடம் மைக் செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, முளைப்பாரி, கட்சிக் கூட்டம், எழவு வீடு என்று எல்லாவற்றுக்கும் குழாய் கட்டியிருக்கிறார். குழாய் என்றால் கூம்பு ஸ்பீக்கர். தென்னை மரத்தில் திசைக்கு ஒன்றாகக் கட்டிவிட்டு, கீழே ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால் விடிய விடிய அங்கேதான். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்ற விதி 2000-இல் வந்தது. எங்கள் ஊருக்குள் அது வந்து சேர இன்னும் சில வருடங்கள் ஆயின. குழாயில் அடிச்சத்தமும் வராது, நுணுக்கமான மேல்சத்தமும் வராது. நடுவிலுள்ள குரல் மட்டும் ரெண்டு ஊர் தாண்டிப் போகும். பிறகு 'பாக்ஸ்' காலம் வந்தது. வூஃபர், ட்வீட்டர் என்று அப்பாவும் வாங்கிப் போட்டார். ஆனால் கடைசிச் சில வருடங்களில் அவர் செட்டைப் பற்றி ஒரு குறை கிளம்பியிருந்தது. "அண்ணன் செட்டு காதைக் கிழிக்குதுப்பா" என்றார்கள். ஆம்ப்ளிஃபயரில் ட்ரெபிள் குமிழ் எப்போதும் கடைசி வரை திருகியே இருக்கும். யாராவது குறைக்கச் சொன்னால் கோபம் வரும். "நான் பார்க்காத செட்டா?" என்பார். ஆர்டர்கள் ஒவ்வொன்றாகப் பக்கத்து ஊர்ப் பையன்களிடம் போயின.

எனக்கும் அவருக்கும் அப்போது சரியான பேச்சுவார்த்தை இல்லை. அதற்கும் ஒரு கதை உண்டு. 2018-இல் தாத்தா திதிக்கு நான் பெங்களூரிலிருந்து வருவதாக இருந்தது. கடைசி நேரத்தில் வேலை வந்துவிட்டது. ஃபோன் பண்ணி, "வரலப்பா, இங்க வேலை இருக்கு" என்றேன். "சரிப்பா, சரிப்பா" என்றார். மறுநாள் காலை நாலு மணிக்கு டிவிஎஸ் ஃபிஃப்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய், ஏழு மணி வரை ஒவ்வொரு பெங்களூர் பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அம்மா ஃபோன் பண்ணியபோதுதான் தெரிந்தது. "வரலன்னு சொன்னேனேம்மா! நான் சொல்றத அவர் என்னைக்குக் காதுல வாங்கிருக்கார்?" என்று கத்தினேன். அது ஸ்பீக்கரில் போட்ட ஃபோன். அவரும் பக்கத்தில்தான் இருந்திருக்கிறார். அதன் பிறகு எங்களுக்கு நடுவில் பேச்சு என்றால் அம்மா வழியாகத்தான்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. அதற்குச் சில நாள் முன்னால் நான் மடிக்கணினியோடு ஊருக்கு வந்துவிட்டேன். பங்குனி, சித்திரை, வைகாசி என்ற இந்த மூன்று மாதம்தான் மைக் செட்காரருக்கு அறுவடை. அந்த வருடம் மதுரையில் அழகரே ஆற்றில் இறங்கவில்லை. கடையை அடைத்துவிட்டு, எலி கடித்துவிடும் என்று பெட்டிகளை ஒவ்வொன்றாக அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒரு ஜோடி பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே கிராஸ்ஓவர் போர்டில் காயில் கருகியிருந்தது. மாற்று வாங்க மதுரையில் ஒரு கடையும் இல்லை.

"போர்டு வேணாம்ப்பா. நான் கம்ப்யூட்டர்லயே பண்ணிடறேன்" என்றேன். ஒன்றரை வருடத்தில் அவரிடம் நான் நேராகப் பேசிய முதல் நீளமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். அவர் நிமிர்ந்து, "காயில் இல்லாமயா?" என்றார்.

*

பெரிய ஸ்பீக்கரால் வேகமாக அதிர முடியாது. சின்ன ஸ்பீக்கரால் அடிச்சத்தத்தின் வீச்சைத் தாங்க முடியாது. நம் காதுக்குக் கேட்கிற ஒலி 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை பரந்து கிடக்கிறது. காற்றில் 20 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 17 மீட்டர், 20,000 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 1.7 சென்டிமீட்டர். ஒரே தகடு இரண்டையும் ஒழுங்காக எழுப்பாது. அதனால் பெட்டிக்குள் ஒரு போர்டு வைத்து, ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் மின்சாரத்தைப் பிரிப்பார்கள். காயில் மேல்சத்தத்தை மறிக்கும், கெப்பாசிட்டர் அடிச்சத்தத்தை மறிக்கும். 8 ஓம் ட்வீட்டருக்கு முன்னால் 10 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் போட்டால் சுமார் 2,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது மெல்ல மெல்லக் குறைய ஆரம்பிக்கும். அப்பாவுக்கு இந்தச் சூத்திரம் தெரியாது. ஆனால் எந்த ட்வீட்டருக்கு எந்தக் கெப்பாசிட்டர் என்பது கை வைத்தவுடன் தெரியும்.

இதே பிரிப்பை ஆம்ப்ளிஃபயருக்கு முன்னாலேயே, பாட்டு வெறும் எண்களாக இருக்கும்போதே செய்யலாம். சிடி தரத்தில் ஒரு வினாடிப் பாட்டு என்பது ஒரு சேனலுக்கு 44,100 எண்கள். வடிகட்டி என்பது ஒரு சின்னக் கணக்கு. இப்போது வந்த எண், அதற்கு முன் வந்த இரண்டு, கடைசியாக வெளியே விட்ட இரண்டு என்ற ஐந்தையும் ஐந்து பெருக்கெண்களால் பெருக்கிக் கூட்டினால் அடுத்த எண் கிடைக்கும். இதற்கு பைக்வாட் என்று பெயர். எனக்கு இப்படிப்பட்ட எட்டு தேவைப்பட்டன. இடது வலது இரண்டுக்கும் சேர்த்து வினாடிக்குச் சுமார் 17 லட்சம் பெருக்கல். இன்றைய கம்ப்யூட்டருக்கு அது ஒரு வேலையே இல்லை.

ஆனால் ஒரு ஸ்பீக்கருக்கு ஓர் ஆம்ப்ளிஃபயர் சேனல் என்று மொத்தம் நாலு வேண்டும். சாதாரண வீட்டில் இதற்கே செலவு கையைக் கடிக்கும். எங்கள் வீட்டிலோ திண்ணை முழுக்க வேலையில்லாத ஆம்ப்ளிஃபயர்கள்தான். கம்ப்யூட்டரின் மதர்போர்டில் 5.1 சவுண்டுக்கான ஓட்டைகள் இருந்தன. முன் ஸ்பீக்கருக்கான பச்சை ஓட்டையில் வூஃபர்களையும், பின் ஸ்பீக்கருக்கான கறுப்பு ஓட்டையில் ட்வீட்டர்களையும் இணைத்தேன். தனித்தனியாக இரண்டு யூஎஸ்பி கருவிகளை வாங்கி இதைச் செய்யக் கூடாது. ஒவ்வொன்றிலும் ஒரு கடிகாரம் ஓடும். பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு வித்தியாசம் இருந்தாலும் வினாடிக்கு இரண்டு சாம்பிள் விலகிக்கொண்டே போகும். ஐந்து வினாடியில் வூஃபரும் ட்வீட்டரும் சேருமிடத்தில் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும்.

நான் தினமும் பாட்டுக் கேட்கும் திறந்த மூலப் பிளேயருக்குள் இதை நுழைக்க ஒரு வாரம் ஆனது. பாட்டுக் கோப்பைப் பிரித்து எண்ணாக்கும் பகுதிக்கும், சவுண்ட் கார்டுக்கு அனுப்பும் பகுதிக்கும் நடுவில் உட்கார வேண்டும். உள்ளே வருவது இரண்டு சேனல், வெளியே போவது நாலு என்பதை அடுத்த பகுதிக்குச் சொல்லவும் வேண்டும். முதல் தடவை பாட்டு ஓடியபோது அதன் கூடவே 'டக் டக் டக்' என்று ஒரு சத்தம். அப்பா வாசலிலிருந்தே, "என்னடா, டிராக்டர் ஓட்டுற?" என்றார். பிளேயர் எண்களை 4,096 கொண்ட கட்டுகளாகத் தருகிறது. ஒவ்வொரு கட்டின் தொடக்கத்திலும் நான் பழைய எண்களை மறந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கிக்கொண்டிருந்தேன். வினாடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் ஒட்டு விட்டுப்போனது. முந்தின கட்டின் கடைசி எண்களை ஞாபகம் வைத்துக்கொண்டவுடன் டிராக்டர் நின்றது.

அவர் மாடிக்கு வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். முதலில் வாசற்படி வரை, பிறகு ஸ்டூல் வரை. "ட்வீட்டருக்கு முன்னாடி ஒரு கெப்பாசிட்டரைப் போட்டு வை. உன் கம்ப்யூட்டருக்குக் கிறுக்குப் பிடிச்சா பீஸு போயிரும்" என்றார். நிரலில் எல்லாம் சரியாக இருக்கிறது, தேவையில்லை என்று நான் வாதாடவில்லை. 33 மைக்ரோ ஃபாரட் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். நாலாவது நாள் சேனல் வரிசையை மாற்றி எழுதிவிட்டேன். வூஃபருக்குப் போக வேண்டிய அடி முழுவதும் ட்வீட்டருக்குப் போனது. கெப்பாசிட்டர் தடுத்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பீடியைப் பற்ற வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

*

பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பரீட்சையில் 'பிரித்து எழுதுக' என்று ஒரு பகுதியும் 'சேர்த்து எழுதுக' என்று ஒரு பகுதியும் வரும். பிரிப்பது எளிது. சேர்க்கும்போதுதான் மார்க் போகும். மரம் என்பதையும் வேர் என்பதையும் சும்மா பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மரவேர் ஆகாது. சேருமிடத்தில் ஒரு மகரம் விட்டுக்கொடுக்க வேண்டும்.

கிராஸ்ஓவரிலும் சிக்கல் சேருமிடத்தில்தான். எந்த வடிகட்டியும் கத்தியால் வெட்டியதுபோல வெட்டாது. வெட்டும் புள்ளியை ஒட்டி ஒரே ஒலியை வூஃபரும் பாடும், ட்வீட்டரும் பாடும். ஸ்டீபன் பட்டர்வொர்த் என்ற ஆங்கிலேயர் 1930-இல் எழுதிக்காட்டிய வடிகட்டிதான் பாடப்புத்தகங்களில் முதலில் வருவது. நானும் அதைத்தான் முதலில் போட்டேன். வெட்டும் புள்ளியில் அது ஒவ்வொரு பக்கமும் 0.707 பங்கு சத்தம் விடும். இரண்டாம் படி வடிகட்டியாக இருந்தால் இரு அலைகளும் அங்கே நேரெதிராக வந்து ஒன்றையொன்று அழித்துவிடும். ஒன்றின் துருவத்தை மாற்றிப் போட்டால் சேர்ந்துகொள்ளும், ஆனால் கூட்டினால் 1.4 வரும். பள்ளத்துக்குப் பதில் மேடு.

1976-இல் ஹ்யூலெட் பேக்கார்டு நிறுவனத்தின் பொறியாளர் சீக்ஃப்ரிட் லிங்க்விட்ஸ் இதற்கு ஒரு வழியை எழுதினார். யோசனையில் அவருடைய சக ஊழியர் ரஸ் ரைலிக்கும் பங்குண்டு. அதனால் இன்றும் லிங்க்விட்ஸ்-ரைலி என்றே பெயர். ஒரே பட்டர்வொர்த் வடிகட்டியை அடுத்தடுத்து இரண்டு தடவை போடச் சொன்னார்கள். அப்போது வெட்டும் புள்ளியில் ஒவ்வொரு பக்கமும் சரியாகப் பாதிக்கு இறங்கிவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் அசையும். பாதியும் பாதியும் சேர்ந்து ஒன்று. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

நான் 2,500 ஹெர்ட்ஸில் வெட்டினேன். ட்வீட்டர் சத்தம் தூக்கலாக இருந்ததால் அதன் எண்களை 0.63-ஆல் பெருக்கினேன், அதாவது 4 டெசிபல் குறைவு. ட்வீட்டரின் குவிமாடம் வூஃபரின் கூம்பைவிட இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக முன்னால் இருந்தது. ட்வீட்டரை மூன்று சாம்பிள் தாமதப்படுத்தினேன். சேர்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு தந்திரம் உண்டு. ட்வீட்டரின் எண்களை வேண்டுமென்றே -1-ஆல் பெருக்கி, 2,500 ஹெர்ட்ஸ் சத்தத்தை மட்டும் ஓட விட வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்து, சத்தம் ஏறத்தாழ இல்லாமல் போகும். போனது. மைக்கில் அளந்தும் பார்த்தேன். வரைபடத்தில் அழகான ஆழமான குழி. -1-ஐ எடுத்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன்.

அவருக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்றைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். "அடி நல்லாருக்கு. ஆனா ட்வீட்டர் ஓடலடா" என்றார்.

"ஓடுதுப்பா."

"ஓடல. நான் பார்க்காத ட்வீட்டரா?"

வூஃபர்களை நிறுத்திவிட்டு ட்வீட்டரை மட்டும் ஓட விட்டேன். தாளத்தட்டின் ஓசையும் பாடகியின் சகரங்களும் அறை முழுக்கச் சிதறின. எனக்குப் பல் கூசியது. அப்பா குனிந்து ட்வீட்டருக்கு நாலு விரற்கடை தூரத்தில் காதை வைத்தார். "ஏதோ தூரத்துல கொசு கத்துற மாதிரி இருக்கு. காயில் போயிருச்சு" என்றார். மல்டிமீட்டர் எடுத்து வந்து அளந்தார். ஆறு ஓம் காட்டியது, சரியான அளவு. வயரை மாற்றிப் பார்த்தார். அடுத்த பெட்டிக்குப் போய்க் காதை வைத்தார். அதிலும் கொசுதான்.

எனக்கு வயிற்றில் ஏதோ இறங்கியது. எதுவும் சொல்லாமல் நிரலைத் திறந்து, ஒரே ஒரு சுருதி மட்டும் வருகிற மாதிரி எழுதினேன். "செக் பண்றேம்ப்பா. சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க" என்றேன். 10,000 ஹெர்ட்ஸ். கை அசையவில்லை. 8,000. 6,000. கீழேயிருந்து அம்மா, "என்னடா அது, ஈயம் பூசுற மாதிரி!" என்று கத்தினாள். அப்பா கையை முழங்கால்மேல் வைத்தபடி காத்துக்கொண்டிருந்தார். 5,000. 4,000. 3,000-க்கு வந்தபோதுதான் கை எழுந்தது. என் முகத்தைப் பார்த்தார். மேலே நான் எவ்வளவு நேரம் ஓட்டியிருக்கிறேன் என்பதை அம்மாவின் குரலிலிருந்து கணக்குப் போட்டிருப்பார். அவர் தொழிலே அதுதானே.

"வயசாச்சுல்ல" என்று எழுந்து கீழே போய்விட்டார்.

*

ஊரடங்கு தளர்ந்து மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போக ஆகஸ்ட் ஆகிவிட்டது. காது பரிசோதித்த பெண் ஒரு ஆடியோகிராமை நீட்டினார். 250-லும் 500-லும் கிட்டத்தட்ட ஒழுங்காக இருந்த கோடு, 2,000-க்குப் பிறகு சறுக்குமரம்போல இறங்கியது. இரைச்சலில் வேலை பார்த்தவர்களுக்கு முதலில் அடிவாங்குவது பொதுவாக 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதிதான் என்றார். வயது அதன் மேலேயிருந்து தின்றுகொண்டு வரும். "இவருக்குச் சத்தம் கேட்கும் சார். பேச்சு புரியாது. அதனால வீட்ல இருக்கறவங்களுக்குத் தெரியவே தெரியாது. கவனிக்கலன்னு நினைச்சுக்குவாங்க" என்றார்.

பேச்சில் அ, ஆ, ஓ மாதிரி ஒலிகளின் பலம் கீழே இருக்கிறது. க, ச, த மாதிரி ஒலிகளைப் பிரித்துக் காட்டும் நுணுக்கம் பெரும்பாலும் மேலே, 2,000-க்கு அந்தப் பக்கம். நம் இலக்கணத்தின் பெயர்களிலேயே சொன்னால் அப்பாவுக்கு உயிர் கேட்டது, மெய் கேட்கவில்லை. பல வருடமாக அவர் உயிரெழுத்துகளை வைத்துக்கொண்டு மெய்யெழுத்துகளைத் தானே நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறார். நேரில் என்றால் உதட்டைப் பார்த்து நிரப்பலாம். ஃபோனில் அதுவும் இல்லை. சாதாரண ஃபோன் அழைப்பு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கொண்டுவரும். மேலே உள்ளதை ஃபோன் வெட்டிவிடும். மிச்சத்தில் பாதியை அவர் காது வெட்டிவிடும். அப்படி வந்து சேர்ந்த 'வரலப்பா'வை அவர் தன் ஆசைப்படி நிரப்பிக்கொண்டு, காலை நாலு மணிக்கு டிவிஎஸ் ஃபிஃப்டியை எடுத்திருக்கிறார்.

ட்ரெபிள் குமிழும் அப்போதுதான் புரிந்தது. அவருக்குச் சரியாகக் கேட்கும் வரை திருகியிருக்கிறார். ஊருக்குக் காது கிழிந்திருக்கிறது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். பஸ் இரைச்சலில் சொன்னால் எப்படியும் கேட்காது. வீட்டுக்கு வந்து அவர் கை கால் கழுவிவிட்டு உட்கார்ந்ததும், எதிரில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னேன். "அன்னைக்கு தாத்தா திதிக்கு வரலன்னு ஃபோன்ல சொன்னேம்ப்பா. உங்களுக்கு அது கேட்டிருக்காது. நான்தான் தெரியாம கத்திட்டேன்."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "நீ கத்துனது நல்லாவே கேட்டுச்சு" என்றார். பிறகு, அவரே சிரித்தார்.

காது மெஷின் வர இன்னும் ஒரு மாதம் ஆனது. அதைப் பொருத்தும்போது அந்தப் பெண் தன் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். அடுக்கடுக்காகச் சின்னச் சின்ன மேடுகள், ஒவ்வொன்றும் பக்கத்து மேட்டின் சரிவில் கால் வைத்து நின்றது. எனக்கு அதை அடையாளம் தெரிந்தது. மெஷினும் ஒலியைப் பல பகுதிகளாகப் பிரித்து, எது எவ்வளவு குறைந்திருக்கிறதோ அதற்கேற்ப ஏற்றி, திரும்பச் சேர்த்துக் காதுக்குள் விடுகிறது. நான் இரண்டாகப் பிரித்ததை அது இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கிறது. மெல்லிய சத்தத்தை அதிகம் ஏற்றும், பெரிய சத்தத்தைக் குறைவாக ஏற்றும். அந்த அடக்கம் ட்ரெபிள் குமிழுக்குக் கிடையாது. அவருக்காகப் பிளேயரில் ஒரு தனி அமைப்பு எழுதி, மேல்சத்தத்தை மட்டும் ஏற்றிக் கொடுக்கலாம் என்று நான் போட்டிருந்த திட்டத்தை அங்கேயே கைவிட்டேன்.

முதல் வாரம் அப்பா மெஷினைத் திட்டித் தீர்த்தார். பேப்பர் புரட்டினால் ஓலை கிழிகிற மாதிரி இருக்கிறதாம், அம்மா பாத்திரம் கழுவினால் தலைக்குள் விழுகிறதாம். டப்பாவில் போட்டு வைத்துவிடுவார். நான் பேச வரும்போது மட்டும் எடுத்து மாட்டிக்கொள்வார். அதைப் பார்த்தும் பார்க்காததுபோல நான் தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்பேன், மாட்டி முடிக்கும் வரை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மெஷினோடு மாடிக்கு வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதே பழைய பாட்டைப் போட்டேன். முதல் சரணம் முடியும் வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கையை மேலே தூக்கி, குமிழைத் திருகுவதுபோல விரல்களால் இடப்பக்கமாகத் திருகிக் காட்டினார்.

"ட்வீட்டரைக் கொஞ்சம் கம்மி பண்ணு. காதைக் கிழிக்குது."

நிரலைத் திறந்து 0.63 என்று இருந்ததை 0.5 ஆக்கினேன். "இப்ப?" என்று கேட்டேன். அவர் கண்ணை மூடியிருந்தார். பதில் வரவில்லை. அந்த முறை நான் திரும்பக் கேட்கவில்லை.